பதினாறு மதிப்பெண் விடை

உட்காருங்கள், இங்கேயே உட்காருங்கள். துறைத் தலைவர் கூட்டத்தில் இருக்கிறார், வருவதற்கு எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். வராந்தாவில் நின்று வேக வேண்டாம், இங்கே லேபில் ஏ.சி. ஓடுகிறது. கம்ப்யூட்டருக்காகப் போட்டது. மனிதர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மகளா, மகனா? மகளா. இரண்டாம் வருடமா. வருகைப் பதிவு குறைந்துவிட்டது என்று கூப்பிட்டிருப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் சத்தம் போடுவார், நீங்கள் தலையாட்டுங்கள், ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். நானும் அப்படி எத்தனையோ தகப்பன்மாரிடம் சத்தம் போட்டிருக்கிறேன்.

ஆமாம், நான்தான். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்து என்னை லேப் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது லேப் ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் போன கல்வியாண்டு முடியும்வரை சங்கரவடிவேல் சார் என்றால் இந்தக் கட்டடத்தில் நடை சத்தம் கேட்டதும் வகுப்பு அடங்கும்.

நீங்கள் கம்ப்யூட்டர் படித்தவரா? இல்லையா? ஜவுளிக் கடை. அப்படியானால் உங்களிடம் சொல்லலாம். இந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் படித்த யாரிடமும் இதைப் பேச முடியாது. எல்லாரும் என்னிடம் படித்தவர்கள்.

நான் சொல்வேன், பிள்ளைகள் எழுதுவார்கள். அதுதான் என் முறை. கமா, முற்றுப்புள்ளி வரைக்கும் சொல்வேன். இரண்டு மதிப்பெண் விடை என்றால் நான்கு வரி. பதினாறு மதிப்பெண் விடை என்றால் நான்கு பக்கம், அதில் ஒரு படம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதை அப்படியே பரீட்சையில் இறக்கி வைத்தால் போதும். தறி ஓட்டுகிறவர் மகன், பஸ் கண்டக்டர் மகள், இங்கிலீஷில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத பிள்ளைகள், எல்லாரும் பாஸ். இருபத்தோரு வருடம். வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாரே, அவர் வீட்டு மாடி என் நோட்ஸில் எழுந்தது. அவரே சொல்வார்.

அப்புறம் வந்தது விதிமுறை. பாடம் நடத்துகிற எல்லாரும் எம்.இ. முடித்திருக்க வேண்டுமாம். நான் சேர்ந்த காலத்தில் பி.இ. இருந்தால் வாசல்வரை வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள். முதல்வர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். காபி வரவழைத்தார். "சங்கரவடிவேல், நீங்க இல்லன்னா இந்த டிபார்ட்மென்டே இல்ல. ஆனா ஆய்வுக்கு வர்றவன்கிட்ட காட்டுற பேப்பர்ல நீங்க இல்லவே இல்லையே!" என்றார். மூன்று வருடம் அவகாசம். பட்டம் வந்தால் வகுப்பு. வராவிட்டால் லேப். அவ்வளவுதான் பேச்சு.

நாற்பத்தாறு வயதில் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர எம்.இ. சேர்ந்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் நாள் வகுப்புக்குள் நுழைகிறேன், பையன்கள் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். பேராசிரியர் வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார்கள். அதில் ஒருவன், ஹரிஹரசுதன், இதே கல்லூரியில் என்னிடம் பி.இ. படித்தவன். "சார், இங்க வாங்க, ஃபேன் காத்து வரும்" என்று பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தான். நான் இல்லாதபோது வருகைக்குக் குரல் கொடுத்ததும் அவன்தான். என் குரலில் "ப்ரெசென்ட்" சொல்வானாம். ஒரு வருடம் பேராசிரியர் கண்டுபிடிக்கவில்லை.

பரீட்சை எல்லாம் முதல் வகுப்பு. எழுதுவதுதானே? என் நோட்ஸையே எழுதினேன்.

வினை வந்தது ஆய்வேட்டில். எம்.இ.க்குக் கடைசி ஒரு வருடம் ஆய்வு செய்து புத்தகம் மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு வழிகாட்டி. பட்டியலில் யார் பெயர் எனக்கு வந்தது தெரியுமா? டாக்டர் ஜெபா பிரிசில்லா. என் மாணவி! இந்தக் கட்டடத்தில், மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம் உட்கார்ந்தவள். வெளிமாநிலம் போய் பிஎச்.டி. முடித்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியையாக வந்துவிட்டாள்.

ஆரம்பத்தில் மரியாதையாகத்தான் இருந்தாள், அதைச் சொல்லிவிட வேண்டும். நான் அறைக்குள் போனதும் எழுந்து நின்றுவிட்டாள். "வாங்க சார், உட்காருங்க சார்." நான் பழக்கத்தில் மேசையைச் சுற்றிப் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தச் சந்திப்பு முழுக்க அப்படித்தான் நடந்தது. நடுவில் ஒரு பையன் கையெழுத்து வாங்க வந்து, என்னைப் பார்த்து, அவளைப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அப்படிப்பட்ட மரியாதை. அதற்குப் பிறகுதான் மாறிவிட்டாள். அடுத்த தடவை நான் போகும்போது அவள் எழுந்திருக்கவில்லை.

பழைய கோபம் அவளுக்கு. சொல்கிறேன். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் குறைந்த செலவில் போகிற வழியைக் கண்டுபிடிக்கக் கணினியில் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு சாலைக்கும் எவ்வளவு செலவு என்று கொடுத்தால் அது கூட்டிப் பார்த்துச் சொல்லிவிடும். அருமையான முறை. பதினாறு மதிப்பெண் கேள்வி, வருடம் தவறாமல் வரும். புத்தகத்தில் கடைசியில் ஒரு விதிவிலக்கு போட்டிருப்பான். ஏதாவது ஒரு சாலையின் செலவு கழித்தல் எண்ணாக இருந்தால், அதாவது அந்தச் சாலையில் போனால் நம் கைக்குக் காசு வரும் என்றால், இந்த முறை தப்பான வழியைச் சொல்லக்கூடும் என்று. நீங்களே சொல்லுங்கள், எந்த ரோட்டில் போனால் காசு தருகிறான்? டோல்கேட்டில் பிடுங்கத்தான் செய்கிறான். அதோடு அந்த விதிவிலக்கைச் சேர்த்தால் விடை ஐந்தாம் பக்கத்துக்குப் போகிறது. எடுத்துவிட்டேன். 'இம்முறை எல்லா நிலைமைக்கும் பொருந்தும்' என்று முடித்துவிட்டேன். பிள்ளைகளுக்கும் குழப்பமில்லை.

இவள் என்ன செய்தாள், உள்தேர்வில் அந்த விதிவிலக்கை எழுதி வைத்துவிட்டாள். நோட்ஸில் இல்லாததை எழுதினால் மதிப்பெண் குறைப்பேன், அது எல்லாருக்கும் தெரியும். குறைத்தேன். மறுநாள் நூலகத்துப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள். "சார், புக்ல இருக்கு சார்." நான் கேட்டேன், "புக் எழுதினவன் வந்து உனக்கு மார்க் போடுவானா, நான் போடுவேனா?" அறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்த விடையைப் பத்துத் தடவை எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தாள். பத்துத் தடவையும் விதிவிலக்கு இல்லாமல், சுத்தமாக. அவ்வளவுதான் நடந்தது. இதற்குப் போய் இத்தனை வருடம் மனதில் வைத்திருப்பார்களா?

வைத்திருந்தாள். இல்லாவிட்டால் எனக்கு அந்தத் தலைப்பைக் கொடுப்பாளா? மலைப்பாதையில் ஓடுகிற பேட்டரி பஸ். எந்த வழியில் போனால் பேட்டரி மிச்சமாகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். "சார், உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச முறைதான். அதனாலதான் இத எடுத்தேன்" என்றாள். நானும் நல்ல பெண் என்று நம்பி வந்துவிட்டேன். மலையில் இறங்கும்போது பேட்டரி தானாகச் சார்ஜ் ஏறும் என்கிற விவரத்தை அப்போது நான் யோசிக்கவில்லை. செலவு கழித்தல் எண்ணாகப் போகிற சாலை! தேடிப் பிடித்திருக்கிறாள்.

இரண்டாம் அத்தியாயம் எழுதிக் கொடுத்தேன். உட்கார்ந்த இடத்தில் நாற்பது பக்கம். என்னை விட்டால் யார் எழுத முடியும்? அதை ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்தார்கள். வேறெங்கே இருந்து எடுத்தது என்று கண்டுபிடிக்கிற மென்பொருள். எண்பத்துநாலு சதவீதம் காப்பி என்றது. எங்கிருந்தெல்லாம் காப்பி என்று ஊர் ஊராகப் போட்டிருந்தது. சேலத்தில் ஒரு கல்லூரி, ஆந்திராவில் ஒரு கல்லூரி, அஸ்ஸாமில் ஒரு பாலிடெக்னிக். எல்லாம் என் நோட்ஸ்! என் பிள்ளைகள் டைப் அடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், அதை ஊரெல்லாம் எடுத்து வைத்திருக்கிறது. அஸ்ஸாமில் ஒருத்தன் நான் சொன்ன கமாவைக்கூட மாற்றவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

விசாரணைக் குழு வைத்தார்கள். "அவங்கதான் ஐயா என்கிட்ட இருந்து எடுத்தது. நான் எப்படி என்னையே காப்பியடிக்க முடியும்?" என்றேன். குழுத் தலைவர், வயதான மனிதர், ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைப் பிரித்துத் தள்ளினார். "அப்ப இது யாருங்க?" அதே வரிகள். நான் சொன்னேன், "அது புத்தகம் ஐயா." அவருக்குப் புரியவில்லை. புத்தகத்தில் இருந்து எடுப்பது எப்படிக் காப்பியாகும்? எடுப்பதற்குத்தானே புத்தகம் இருக்கிறது?

மூன்று வருடப் பதிவையே ரத்து செய்திருப்பார்கள். பிரிசில்லா ஏதோ பேசினாள். சார் வேண்டுமென்று செய்யவில்லை, பாடம் நடத்துகிற பழக்கம், நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தாள். சரி. ஆனால் அதோடு இன்னொன்றும் சொன்னாள் பாருங்கள். அத்தியாயத்தைச் சொந்த வார்த்தையில் திரும்ப எழுதுங்கள், அப்புறம் லேபில் நீங்களே உட்கார்ந்து புரோகிராமை ஓட்டிக் காட்டுங்கள் என்று. அது தண்டனையா, இல்லையா?

சொந்த வார்த்தை! வீட்டில் மேசை போட்டு உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதினேன். படித்துப் பார்த்தால் நோட்ஸில் இருக்கிற வரி. அடித்தேன். அடுத்த வரி எழுதினேன். அதுவும் நோட்ஸ். ஒரு வாரம் முழுக்க அப்படியே போனது. என் வீட்டுக்காரி செண்பகம் எட்டிப் பார்த்தாள். "என்னதான் எழுதணுமாம்?" "எனக்குத் தெரிஞ்சதை எழுதணுமாம்." "அவ்வளவுதானே, எழுதிக் குடுத்துட்டு வாங்களேன்" என்று சமையலைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு எளிதாக இருந்தது.

ஹரிஹரசுதன்தான் எழுதிக் கொடுத்தான். வரிக்கு வரி மாற்றிப் போட்டான். எனக்கே அது என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. சதவீதம் எட்டுக்கு இறங்கிவிட்டது.

அப்புறம் லேப். உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் தியரி ஆள். புரோகிராம் போர்டில் எழுதிப் போடுவேன். தட்டுவது, ஓட்டுவது எல்லாம் பிள்ளைகளும் லேப் ஆளும் பார்த்துக்கொள்வார்கள். அன்றைக்கு நானே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, நோட்ஸில் இருக்கிற முறையை அப்படியே ஏற்றி ஓட்டினேன். கொடைக்கானலில் இருந்து இறங்குகிற பஸ்ஸுக்கு வழி சொன்னது. பேட்டரி அதிகம் தின்கிற வழி! இன்னொரு வழியில் சார்ஜ் ஏறிக்கொண்டே இறங்கலாம், படம் பார்த்தாலே தெரிகிறது. திரும்ப ஓட்டினேன். அதே விடை. மெஷினை மாற்றினேன். அதே விடை. "மெஷின்ல ஏதோ கோளாறு" என்றேன்.

சுற்றி நின்ற பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹரிஹரசுதன் தலையைச் சொறிந்தான். "சார்... செலவு மைனஸ்ல வந்தா இந்த முறை நிக்காது சார்."

"அது நோட்ஸ்ல இல்லையே."

"நோட்ஸ்ல இல்ல சார்."

"அப்ப உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார். சீனியர்ஸ் சொல்லுவாங்க. சங்கரவடிவேல் சார் பேப்பர்ல மைனஸ் பத்தி எழுதாத, மார்க் போயிரும், இன்டர்வியூல மட்டும் சொல்லுன்னு. எங்களுக்கும் சொன்னாங்க, நாங்களும் ஜூனியர்ஸ்கிட்டச் சொல்லிட்டோம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இருபத்தோரு வருடம் என் முன்னால் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எழுதி, தப்பு என்று தெரிந்துகொண்டே அதை எனக்கே பரீட்சையில் எழுதிக் கொடுத்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்! ஒரு பயலுக்காவது, சார், இப்படி இருக்கிறது என்று என்னிடம் வந்து சொல்லத் தோன்றவில்லை பாருங்கள். ஒரு பெண் சொல்லியிருக்கலாம், ஒரு பையன் சொல்லியிருக்கலாம். ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. துரோகம் என்றால் வேறென்ன?

புரோகிராமை ஹரிஹரசுதனே சரி செய்தான். விடை சரியாக வந்தது. வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். வெளியூரில் இருந்து தேர்வாளர் வருவார், நாம் நின்று பதில் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். பார்க்கிறவர்களுக்கு டீ, சமோசா உண்டு, நம் செலவு. எங்கள் முதல்வர், சார் எம்.இ. முடிப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று கல்லூரி பஸ்ஸிலேயே என் மூன்றாம் வருட வகுப்பை ஏற்றி அனுப்பிவிட்டார். பின் வரிசை முழுக்க என் பிள்ளைகள். கையில் சமோசா.

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். "முதல்ல ஓட்டுனப்ப தப்பான வழி வந்திருக்கு. அப்புறம் முறையை மாத்தியிருக்கீங்க. ஏன் மாத்துனீங்க?"

"கணினியில் கோளாறு இருந்தது" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். பிரிசில்லா குறுக்கே பேசினாள். மெதுவாகத்தான் கேட்டாள். "சார், அந்தப் பழைய முறைக்கு ஏதாவது விதிவிலக்கு இருக்கா சார்?"

தெரியும். எனக்கு அப்போது தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் பட்டம். பின் வரிசையில் சமோசா தின்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். அவளும் பார்க்கிறாள்.

"இல்லை" என்றேன். "எல்லா நிலைமைக்கும் பொருந்தும்."

"அவசரம் இல்ல சார். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க இதில் என்ன இருக்கிறது?"

அவள் குனிந்துகொண்டாள். அவள் எதிர்பார்த்தது அதுதானே? ஊர் கூட்டி, என் பிள்ளைகள் முன்னால் என் வாயாலேயே, நான் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று சொல்லவைக்கப் பார்த்தாள். நான் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு தடவை போன் செய்தாள். "சார், ஒரே ஒரு கேள்விதான் சார், நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள். நான் போகவில்லை. இவள் சொல்லி நான் படிக்க வேண்டுமா?

கல்லூரி திறந்ததும் முதல்வர் இந்த அட்டையைக் கொடுத்தார். அன்றைக்கும் காபி வரவழைத்தார். என் வகுப்புக்கு ஆள் போட வேண்டுமே? எம்.இ. முடித்தவன் யார்? ஹரிஹரசுதன். போட்டுவிட்டார்கள். வந்த முதல் வாரமே அந்த விதிவிலக்கை நடத்தினான். படம் போட்டு, மலை போட்டு, பஸ் போட்டு, ஒரு மணி நேரம் நடத்தினான். என்ன ஆயிற்று தெரியுமா? பிள்ளைகளே போய் முதல்வரிடம் புகார் கொடுத்தார்கள். "சார், நோட்ஸ்ல இல்லாதத நடத்துறாங்க, பாஸ் ஆக முடியாது சார்." முதல்வர் அவனைக் கூப்பிட்டார். "தம்பி, விடைத்தாள் திருத்துற இடத்துல பாதிப் பேரு சங்கரவடிவேல்கிட்டப் படிச்சவங்க. இருபத்தோரு வருஷம் ரிசல்ட் குடுத்த நோட்ஸ். அதையே சொல்லுங்க." காபி வந்ததா என்று தெரியாது. இப்போது சொல்லுங்கள், யார் ஜெயித்தது?

அதோ, மணி அடித்துவிட்டது. இந்தத் தடுப்பு வெறும் பிளைவுட்தான், அந்தப் பக்கம் பேசினால் இங்கே கேட்கும். இரண்டாம் வருடம்தான். உங்கள் மகள் இன்றைக்கு வந்திருக்கிறாள் அல்லவா? அங்கேதான் எழுதிக்கொண்டிருப்பாள். கவலைப்படாதீர்கள், பாஸ் ஆகிவிடுவாள்.

கேட்கிறதா? ஹரிஹரசுதன்தான் சொல்கிறான். நேற்று மூன்று பக்கம் சொல்லி நிறுத்தினான். இது நான்காவது பக்கம், கடைசிப் பத்தி. நான் சொன்ன மாதிரியே, கமாவோடு. கொஞ்சம் வேகம், போகப் போகச் சரியாகிவிடும்... எல்லா நிலைமைக்கும் பொருந்தும், முற்றுப்புள்ளி. சொல்லிவிட்டான்.

பாருங்கள், நிறுத்திவிட்டான். எந்த செக்‌ஷனுக்குப் போனாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறான். அடுத்த தலைப்பைச் சொல்ல வேண்டியதுதானே? பிள்ளைகள் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஒரு சத்தமும் இல்லை, பாருங்கள்.

ஆ, ஆரம்பித்துவிட்டான். அடுத்த தலைப்பு.

அனுபவம் போதாது. இருபத்தோரு வருடத்தில் நான் அந்த இடத்தில் ஒரு தடவைகூட நின்றதில்லை.